வாயிற்காவலும் வீட்டுடையாரும்

கொழும்பிலே தொடர்மாடி வீடுகளும் வாணிப நிலையங்களும் இன்று தனியார் காவலரை நம்பியே இருக்கின்றன. அக்காவலர் வந்தவரை அடித்துக் காயப்படுத்தினால், கட்டட உடைமையாளர் கைகழுவ ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்: “அவர் எம் ஆளல்லர், கம்பனியின் ஆள்.” இதனை நாம் ஏற்கவில்லை.

நம் நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டம், ஊழியன் தொழிலின்போது இழைக்கும் தீங்குக்கு எசமானரையும் பொறுப்பாளியாக்குகிறது. ஒப்பந்தக்காரர் இழைக்கும் தீங்குக்கோ பொதுவாக அவ்வாறில்லை. இந்த இடுக்கிற்றான் சொத்துடையோர் ஒளிந்துகொள்கின்றனர். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டம் அந்நிலையங்களை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது, நன்று. அடிபட்டவரின் வைத்தியச் செலவை அனுமதிப்பத்திரம் கொடுக்குமா?

இங்கிலாந்தில் 1998இல் இரவு விடுதியொன்றின் வாயிற்காவலன், கைகலப்பின் பின் தன் வீட்டுக்கோடிக் கத்தியுடன் மீண்டு, விடுதிக்கு அண்மையில் ஒருவரைக் குத்தினான். அவரது கால்கள் செயலிழந்தன. முரடனென்று அறிந்தும், வன்முறையை எதிர்பார்த்துமே அவனை வைத்திருந்த உடைமையாளர் பொறுப்பாளியென 2003இல் மேன்முறையீட்டு மன்று தீர்த்தது. அவன் அவரது நேரடி ஊழியனே. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், எவரை உள்ளே விடுவது, எவரைத் துரத்துவது என்று இங்கும் கட்டளையிடுபவர் கட்டட உடைமையாளரன்றோ? ஆகவே முகவர் நிலையத்தோடு அவரையும் பொறுப்பாளியாக்கும் திருத்தமொன்றைப் பாராளுமன்றம் நிறைவேற்றல் வேண்டும்.