துகள் நொறுங்குகிறது என்னும் வாதம்

செம்போடு ஒரு விழுக்காட்டளவு குரோமியத்தைச் சேர்த்து, அக்கலப்புலோகத்தைப் புற அளவு மாறாமலே உள்ளுக்குள் பன்மடங்கு வருத்துகின்ற கடும் உருத்திரிபு முறைகளுக்கு ஆளாக்கினால், அதிலுள்ள குரோமியத் துகள்கள் அம்மியில் மிளகு அரைபடுவதுபோல் நுணுகிக்கொண்டே போகும் என்றும், துகள் நுணுக நுணுக உலோகம் உரம் பெறும் என்றும், ஆகவே உருத்திரிபு மிகுவதெல்லாம் நன்மையே என்றும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. கேட்பதற்கு எளிதாயிருக்கும் இவ்வாதத்தின் எந்தப் பகுதியும் பரிசோதனைக்கு முன் நிற்பதாயில்லை.

முதலாவது, துகள்கள் யாவும் நொறுங்கும் என்பது. 1076 பாகை செல்சியஸ் உஷ்ணத்திலேயே திடச் செம்பு ஏறத்தாழ 0.7 விழுக்காட்டுக் குரோமியத்தைத்தான் கரைத்துக்கொள்ளும். அதற்கு மிஞ்சியது வார்ப்பின்போதே பருந்துகள்களாக நின்றுவிடும். செம்பினும் கடினமான இவற்றைச் சுற்றி மென்மையான செம்பு வழிந்தோடுகிறதேயன்றி இவற்றை எளிதில் உடைப்பதில்லை. 1970களில் மின்ஸ்க் நகரில் ஆராய்ச்சியாளர் செகால் உருவாக்கிய, உலோகத்தை வளைந்த வழியினூடே தள்ளும் கோணவழி அழுத்தத்தில், ஒருமுறை செலுத்தினால் ஏறும் திரிபு சுமார் 1. எட்டு முறை செலுத்தினாலும் பருந்துகள்கள் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கின்றன. இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் வழிவந்த, வில்லையை அழுத்தியபடியே திருகும் உயரழுத்தத் திருகலிலோ, 10 மில்லிமீட்டர் விட்டமும் அரை மில்லிமீட்டர் கனமுமுள்ள வில்லையை ஐந்து சுற்று திருகினால், விளிம்பில் சறுக்குத் திரிபு 314. மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தொலைவில் 63தான். ஒரே வில்லையில் ஒரே விதி எல்லாத் துகளுக்கும் வாய்ப்பதில்லை என்பதற்கு இதற்குமேல் பிரமாணம் வேண்டுவதில்லை.

இரண்டாவது, நுண்துகள்களுக்கு நேர்வது நொறுங்கல் ஒன்றே என்பது. 450 பாகையை ஒட்டிப் பதப்படுத்துகையில் பிறக்கும் நானோமீட்டர் அளவுத் துகள்களைப் பற்றி மின்கடத்துதிறன் ஐயமறச் சாட்சி சொல்கிறது. 1913இல் வகுத்த செம்பு நியமத்தை 100 எனக் கொண்டால், குரோமியம் கரைந்துகிடக்கும் கலவை ஏறத்தாழ 40 காட்டும்; அது துகளாகப் பிரிந்தபின் 80ஐ எட்டும். துகள் சிறுத்ததோடு நின்றிருந்தால், குரோமியம் செம்பின் படிகத்துக்கு வெளியேயே இருப்பதால், கடத்துதிறன் பெரிதும் குறைய நியாயமில்லை. ஆனால் பதப்படுத்திய கலவையைத் திருகினால், அவ்வாறே திருகிய தூய செம்பில் காணாத அளவுக்குக் கடத்துதிறன் வீழ்கிறது. அறை உஷ்ணத்தில் கரைதிறன் இல்லையென்றே சொல்லத்தக்க நிலையிலும், படிகப் பிறழ்வுகள் துகளை ஊடறுத்துச் சென்று, அதன் அணுக்களைச் செம்புக்குள் பலவந்தமாகத் தள்ளிவிடுகின்றன.

மூன்றாவது, இதை ஒப்புக்கொண்டு, அப்படியானால் எல்லாம் கரைந்தே தீரும் என்று மறு எல்லைக்குப் பாய்வோரின் வாதம். உருத்திரிபு அணுக்களைக் கலப்பதோடு, படிகத்தில் ஏராளமான வெற்றிடங்களையும் பிறப்பித்து, அணுக்கள் இடம்பெயரவும் வழி திறக்கிறது. அதனால் முற்றும் கரைத்துவைத்த கலவையைத் திருகும்போது, கரைந்திருந்த குரோமியத்தில் ஒரு பகுதி துகளாகப் பிரிவதும் உண்டு. செம்பு–கோபால்ட் கலவையில் இவ்வுண்மை இன்னும் தெளிவு: கரைந்த நிலையில் தொடங்கினாலும் பிரிந்த நிலையில் தொடங்கினாலும், போதிய திருகலுக்குப்பின் இரண்டும் ஒரே இடைநிலைக்கு வந்து சேர்கின்றன. ஆகவே துகளின் கதி, கரைதலும் பிரிதலும் என்னும் இரண்டு காரியங்களின் போட்டியால் நிர்ணயமாவதாகும்.

கடைசியாக, மிகுதியே நன்மை என்பது. படிகமணியின் அளவு ஓர் எல்லைக்குமேல் சிறுப்பதில்லை. கடினத்தன்மையும் அங்கே நின்றுவிடுகிறது. கடத்துதிறனோ துகள் கரையக் கரைய நஷ்டமாகிறது. பதப்படுத்தி ஈட்டிய கடத்துதிறனைத் திருகித் தொலைப்பது விவேகமாகாது. வலிவும் கடத்துதிறனும் ஒருங்கே வேண்டுவோர் முதலில் குரோமியத்தைக் கரைக்கட்டும். பிறகு உருத்திரிபை ஏற்றட்டும். இறுதியாக, படிகமணி பருக்காத மிதமான உஷ்ணத்தில் பதப்படுத்தித் துகளைப் பிரிக்கட்டும். இக்கலவையில் திருகலின் அளவைக் காட்டிலும் வேலையின் வரிசையே முக்கியம்.