பட்டத்துடன் முடிவதில்லை வைத்தியக் கல்வி

மாரடைப்பைத் தடுப்பதற்கென நடுத்தர வயதினருக்கும் முதியோருக்கும் நாளாந்தம் சிறிதளவு அஸ்பிரின் வழங்குவது நீண்டகாலமாக மருத்துவ உலகின் வழக்கமாக இருந்து வந்தது. எனினும், 2018 ஆம் ஆண்டு வெளியான மூன்று பாரிய ஆய்வுகள் இதனைக் கேள்விக்குள்ளாக்கின. முன்னர் இருதய நோய்க்கு ஆளாகாதவர்களுக்கு இம்மருந்தினால் கிட்டும் நன்மை சொற்பமே. இரத்தப்போக்கு அபாயமோ அதனை ஈடுசெய்துவிடுகின்றது. 60 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் தடுப்பு நோக்கில் அஸ்பிரினைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாமென அமெரிக்க நிபுணர் குழு 2022 இல் பரிந்துரைத்தது. ஏற்கனவே மாரடைப்புக்கு உள்ளானவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தாமாக மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பட்டம் பெற்ற வைத்தியர் அன்று கற்றது பிழையன்று. ஆயினும், இன்று அதுவே நோயாளிக்குத் தீங்காகலாம். ஆகவே, தொடர் மருத்துவக் கல்வி வைத்தியரின் தனிப்பட்ட விருப்பத்துக்கு விடப்படும் விடயமாக இருக்கலாகாது. மருந்துக் கம்பனிகளின் அனுசரணையில் நடைபெறும் கருத்தரங்குகள் அதற்கு ஈடாகமாட்டா. மருந்தை விற்பவர், அதனைக் கைவிடுமாறு கற்பிப்பாரென எதிர்பார்க்க முடியாது.

எமது நாட்டில் மன்னாரிலோ, கல்முனையிலோ, மொனராகலையிலோ பணிபுரியும் வைத்தியருக்கும் இக்கல்வி கடமை நேரத்திலேயே, அரச செலவில் கிட்ட வேண்டும். அதனால் பயனடையப் போவது வைத்தியர் மட்டுமல்லர். அவரை நம்பி மருந்தை விழுங்கும் நோயாளியுமே.