மாமா போட்ட மஞ்சள் கோடு



அத்திபெலேயில் விடியும் முன்பே ஷிஃப்ட் பஸ்கள் வந்துவிடுகின்றன. சீருடை போட்ட பிள்ளைகள் டிபன் டப்பாவோடு ஏறி, ஜூஜூவாடி தாண்டி ஓசூருக்குப் போகிறார்கள். ஓசூரில் வீடு எடுத்தவர்கள் எதிர்ச்சாரியில் எலக்ட்ரானிக் சிட்டி வேலைக்கு வருகிறார்கள். என் அக்கா வீடு இந்த எல்லை ஊரில்தான். மாமா ஓசூரில் லாரி அசெம்ப்ளி லைனில் முப்பது வருடம் போல்ட் முடுக்கி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் என் காரை நிறுத்தி, பின்பக்க சப்ஃபிரேமின் நான்கு போல்ட்டுகளையும் நாங்கள் இருவரும் மாற்றினோம். அதைத்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்ல வந்தேன்.

கார் பழையது. சென்னையில் கடலுக்கு அருகே பத்து வருடம் நின்ற வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டொக்’கென்று ஒரு சத்தம். ஷாக் அப்சார்பர் மாற்றியும் போகவில்லை. பின் டயர்களின் உட்பக்க ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. மாமா கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். போல்ட் தலையைச் சுற்றி, குங்குமம் கொட்டியதுபோல் துருப்பொடி வளையம். “இது அசைஞ்சுக்கிட்டு இருக்கு மாப்ள” என்றார். இறுகிக் கிடக்கும் இரண்டு இரும்புக்கு நடுவே பொடி கொட்டாது. உரசினால்தான் கொட்டும்.

நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் சப்ஃபிரேம் கிடையாது. இரண்டு சக்கரங்களையும் குறுக்கே ஒரு இரும்பு பீம் இணைத்திருக்கும், அவ்வளவுதான். ஸ்கோடா லாரா, 2011-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 500 மாதிரி வண்டிகளில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். இப்படிப்பட்ட அமைப்பில் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகள் வழக்கமாக ஒரு கனத்த இரும்புச் சட்டத்தில் மாட்டியிருக்கும். அந்தச் சட்டம்தான் சப்ஃபிரேம். அதைக் காரின் உடம்போடு சேர்த்து வைப்பவை பல வண்டிகளில் நான்கே நான்கு போல்ட். குழியில் விழுந்த அடி, வளைவில் வரும் இழுப்பு, பின்சக்கர பிரேக்கின் பிடி எல்லாவற்றிலும் ஒரு பங்கு அந்த நான்கின் வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது.

போல்ட்டுக்குத் தமிழில் மரையாணி என்று அழகான ஒரு சொல் உண்டு. ஒரு நல்ல மரையாணியின் தலையில் அதன் ஜாதகமே எழுதியிருக்கும். 8.8, 10.9 என்று இருக்கும் எண்களை நம்மில் பலர் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். 10.9-இல் முதல் எண், அந்த எஃகு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ நூறு கிலோ இழுப்பைத் தாங்கிய பிறகே அறும் என்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் 9, அதில் தொண்ணூறு சதவீதம் வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்கிறது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள இப்படி ஒரே ஒரு போல்ட் எட்டு டன்னுக்கு மேல் தாங்கும். ஹார்டுவேர் கடையில் “டிவிஎஸ் போல்ட் குடுங்க” என்று கேட்கிறோமே, அதைச் செய்யும் சுந்தரம் பாஸ்னர்ஸ் 1960-களில் சென்னை பாடியில் தொடங்கிய நிறுவனம். அவர்கள் செய்த ரேடியேட்டர் மூடி ஜெனரல் மோட்டார்ஸின் கார்களுக்குப் போயிருக்கிறது. இவ்வளவு நேர்த்தியாக இரும்பைக் கையாளும் மக்கள் நடுவே வாழ்ந்துகொண்டு, நம் காரின் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க நாம் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் சப்ஃபிரேமுக்குக் கடையில் கிடைக்கும் பொது போல்ட் ஆகாது. நீளம், மரை இல்லாத தண்டுப் பகுதி, மேல்பூச்சு எல்லாம் அந்த வண்டிக்கென்றே கணக்கிட்டவை. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

சனிக்கிழமை மாலையே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். மறுநாள் ஜாக்கி வைக்கும்போது மாமா காட்டிய கண்டிப்பை இங்கே அப்படியே எழுதியாக வேண்டும். மண் தரையில் ஜாக்கி கூடாது, சிமென்ட் தளம் வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. தூக்கியதும் உடம்புக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு. அவை பாரத்தை ஏற்றபின் வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே தலை நீட்டலாம். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி முட்டுக் கொடுக்காதீர்கள், பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். இதை வாசிக்கும் ஒரு பிள்ளையாவது இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் எனக்கு.

சப்ஃபிரேமுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுத்து, ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் புதியதைக் கையால் ஏற்றிய பிறகே அடுத்ததைத் தொட்டோம். நான்கையும் சேர்த்துக் கழற்றினால் சட்டம் நகர்ந்துவிடும், சக்கரங்களின் கோணமும் போய்விடும். முதல் இரண்டும் முனகிக்கொண்டே வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. கடற்காற்று அதன் தண்டை, அது நுழைந்துபோகும் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டவைத்திருந்தது. ஸ்பேனரில் குழாய் மாட்டித் தொங்கலாம் என்று நான் எழுந்தேன். மாமா கையைப் பிடித்துக்கொண்டார். அந்த போல்ட் ஏறியிருப்பது உடம்பின் பெட்டிக்குள் வெல்டு வைத்த ஒரு நட்டில். முரட்டுத்தனமாகத் திருப்பினால் வெல்டு விட்டுப்போய் நட்டும் சேர்ந்து சுற்றும், பிறகு தகடை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருந்ததால் சூடு காட்டவும் வழியில்லை. எண்ணெய், காத்திருப்பு, கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய். அந்த ஒற்றை போல்ட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் அக்கா இரண்டு முறை காபி கொண்டுவந்து வைத்தாள். வெளியே வந்ததைப் பார்த்தோம். தண்டு நடுவில் கரும்பைக் கடித்ததுபோல் மெலிந்திருந்தது.

அது ஏறியிருந்த தகடை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினோம். கணீரென்று கேட்டது. பொதபொதவென்று கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வண்டியை நல்ல ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்பியிருப்போம். இற்ற தகட்டில் புது போல்ட் நிற்காது.

புதியவற்றை இறுக்கும் வேளை வந்தது. பலம் உள்ளவரை இறுக்குவதுதான் நல்லது என்று நான் நினைத்திருந்தேன். “எவ்ளோ பலம்னு கேக்காத மாப்ள, எவ்ளோ அளவுன்னு கேளு” என்றார் மாமா. திருப்பின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்தார். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் பத்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் திருப்பு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உரசலிலேயே செலவாகிறது. மரையில் எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டால் உரசல் குறைந்து, அதே திருப்புக்கு போல்ட் அளவுக்கு மேல் இழுபட்டுவிடும். அதனால்தான் பல நிறுவனங்கள் முதலில் ஒரு டார்க் அளவும் அதன்மேல் ஒரு கோணமும் சொல்கின்றன. அப்படி முடுக்கும்போது எஃகு உண்மையிலேயே நீள்கிறது, ஸ்பிரிங் மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஒருமுறை அப்படி நீண்ட போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. உங்கள் வண்டிக்கான அளவை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். என் வண்டியின் எண்ணை இங்கே எழுதினால் அது உங்கள் வண்டிக்குத் தவறாகிவிடலாம்.

ரெஞ்ச் ‘க்ளிக்’கென்றதும் மாமாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். லைனில் நாள் முழுக்க கேட்டிருந்த சத்தம். கோணமும் திருப்பி முடித்ததும், அக்கா மகளின் மஞ்சள் நெயில் பாலிஷை வாங்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் சட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். முடுக்கியவன் முடுக்கிவிட்டேன் என்று போடும் கையெழுத்து அது. போல்ட் இளகித் திரும்பினால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் வீல் அலைன்மென்ட் பார்த்தேன். பிறகு 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு போன வாரம் மறுபடி அத்திபெலேக்குப் போனேன். மாமா என்னிடம் டார்ச்சைக் கொடுத்து, “இப்ப நீ பாரு” என்றார். படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கு கோடுகளும் நேராக இருந்தன.

அன்புடன்,
ஆசிரியர்