நாளொரு படம்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்)

நாள்தோறும் மாறும் படம் ஒன்று நம் வீடுகளில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. அதன் பெயர் கோலம். விடியுமுன் வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்து, புள்ளி வைத்து இழைக்கப்படும் அந்த மாவுப் படம், மாலைக்குள் காலடியிலும் எறும்பின் வாயிலும் கரைந்து போகும். மறுநாள் வேறொன்று. மார்கழியில் அது பெரிதாகும். நடுவே பூசணிப்பூ ஏறும். பொங்கலன்று பானையும் கரும்பும் வரும். துக்க வீட்டில் அது இராது. வாசலைப் பார்த்தே நாளைச் சொல்லிவிடலாம். இப்போதோ தெருவுக்குத் தெரு ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது. ஆண்டு முழுதும் அதே தாமரை, அதே மயில். ஒட்டியவரே மறுநாள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் கணிப்பொறித் திரைகளில் விரிந்து கிடக்கும் 'வால்பேப்பர்' என்னும் பின்னணிப் படங்களும் பெரும்பாலும் ஸ்டிக்கர் கோலங்களே என்பது என் கருத்து. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் பச்சைக் குன்றை நினைத்துப் பாருங்கள். நீல வானமும் வெண்மேகமும் கொண்ட அப்படத்தைக் காணாத கணிப்பொறிக் கூடம் உண்டோ? அதனை 1996-இல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் என்னும் புகைப்படக் கலைஞர் எடுத்தார். அந்தக் குன்று முன்னர் திராட்சைத் தோட்டம். பூச்சி விழுந்து கொடிகளைப் பிடுங்கி எறிந்தபின் புல் முளைத்த நிலம் அது. விவசாயம் பொய்த்த ஓர் இடத்தை உலகமெல்லாம் ஆண்டுக்கணக்கில் அழகென்று பார்த்துக்கொண்டிருந்தது! சன்னலுக்கு வெளியே சம்பாப் பயிர் அலையடிக்கும் தஞ்சைத் தரணியிலும் திரைக்குள் அந்தக் குன்றுதான் நின்றது.

இன்று விண்டோஸ் தானாகவே படங்களை மாற்றிக் காட்டுகிறது. ஒரு நாள் நார்வேயின் மலை, மறுநாள் எங்கோ ஒரு பனி ஏரி. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் எந்தப் படம், எந்த நாளில் என்பதை முடிவு செய்பவர் எவரோ. திரையின் அருமை தெரிந்தவர்கள் அதைச் சும்மா விடுவதில்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு: 2013-இல் உத்தரப் பிரதேச அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் முலாயம் சிங், அகிலேஷ் யாதவ் ஆகியோரின் படங்கள் திரையிலேயே பதிந்து வந்தன. மாணவன் நாள்தோறும் முதலில் காணும் இடம் அதுவல்லவா?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். திரையின் படத்தை நாள்தோறும் மாற்றும் வேலையை இயந்திரத்துக்கே கொடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கட்டளையை நாமே எழுத வேண்டும். படமும் நம்முடையதாக, அந்தந்த நாளுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

"இது கணிப்பொறித் துறையாரின் வேலை, வரலாறும் தமிழும் படிப்பவருக்கு இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். சிறுநிரல் என்பது நான்கைந்து வரிச் சங்கதி. அதன் சாரத்தைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வரி, இன்று என்ன தேதி என்று இயந்திரத்தைக் கேட்கிறது. மாதமும் நாளும் சேர்ந்து நான்கு இலக்கமாக விடை வரும். ஜூன் 12 என்றால் 0612. இரண்டாம் வரி, நம் படக்கோப்புறையில் 0612 என்ற பெயருடைய படம் உண்டா என்று தேடுகிறது. இருந்தால் மூன்றாம் வரி அதைத் திரையில் விரிக்கிறது. இல்லையேல் நேற்றைய படமே நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறது. அவ்வளவே. க்னோம் முகப்புடைய லினக்சில் 'ஜிசெட்டிங்ஸ்' என்னும் கட்டளை அந்த மூன்றாம் வரிக்குப் போதும். விண்டோசிலும் இதற்கென ஓர் அழைப்பு உண்டு. பவர்ஷெல் வழியாகவோ பைத்தான் வழியாகவோ அதை ஏவலாம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் பலவற்றில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். நம்மில் பலர் அண்ணனின் அல்லது அக்காளின் அந்தப் பழைய மடிக்கணினியில் படம் பார்த்ததோடு சரி. அந்த இரண்டாவது கதவைத் திறந்ததேயில்லை.

நிரல் எழுதினால் போதாது; அதை நாள்தோறும் எழுப்பிவிட ஆள் வேண்டும். யூனிக்ஸ் குடும்பத்தில் அந்த ஆளின் பெயர் 'கிரான்'. 1979-இல் வந்த யூனிக்சின் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. இன்று வழக்கிலுள்ள வடிவங்களுள் புகழ்பெற்றதை 1987-இல் பால் விக்சி எழுதினார். கிரானுக்கு நேரம் குறிக்க ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்து உறுப்பு கொண்ட பஞ்சாங்கத்தை வாசிக்கத் தெரிந்த நம் தாத்தாக்களுக்கு இதனைக் கற்பிக்க ஒரு நாழிகை போதும். நமக்குத்தான் இரண்டும் தெரியாமற் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. காலை 6 மணிக்குப் படம் மாறட்டும் என்று கிரானிடம் சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடி வைத்தால் படம் மாறாது. அந்த நிமிடம் போனால் போனதுதான். கிரான் அதைத் திரும்பிப் பாராது. அன்றியும், கிரான் திரைக்குப் பின்னால் வாழும் பணியாள். எந்தத் திரை, யாருடைய திரை என்பது அதற்குத் தானாகத் தெரியாது. முகவரியை நாம் எழுதிக் கொடுத்தால்தான் செய்தி போய்ச் சேரும். இந்தத் தொல்லைக்குப் பயந்து பலர் பாதியில் கைவிடுகின்றனர். ஊரில் மின்சாரம் போய் வரும் நேரத்தை யார் அறிவார்? நம்மைப் போன்றோருக்கு எளிய வழி, கணிப்பொறிக்குள் நுழையும்போதெல்லாம் நிரல் ஒருமுறை ஓடுமாறு அமைத்துவிடுவதே. விண்டோசின் 'டாஸ்க் ஷெட்யூலர்' அதற்கும் இடம் தருகிறது.

இனி, முக்கியமான கருத்து வேறுபாட்டுக்கு வருகிறேன். இத்தகைய நிரல் எழுதுவோர் பலரும் கோப்புறையிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு படத்தை எடுத்து மாட்டுமாறு எழுதுகின்றனர். எதிர்பாராமை இன்பம் தருமாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐப்பசி அடைமழையில் சித்திரை வெயிலின் வெடிப்பு நிலம் திரையில் வருவதில் என்ன இன்பம்? காவிரிப் படுகையில் நாள் என்பது வெறும் எண் அன்று. நாற்றங்கால், நடவு, களை, கதிர், அறுவடை என்று ஒவ்வொன்றுக்கும் நாள் உண்டு. ஆகவே படம் தேதியின் வழியே வரவேண்டும். இன்று திரையில் விரிவது சென்ற ஆண்டு இதே நாளில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜூன் 12 ஒன்றே போதும். குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் மரபான நாள் அது. அந்த நாள் தவறிய ஆண்டுகளை நாம் எவ்வளவு விரைவில் மறந்துவிட்டோம்! 2012 முதல் 2019 முடிய எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கவில்லை. 2017-இல் அக்டோபர் 2 ஆயிற்று. 2020-இல் தேதி திரும்பி வந்தது. 2022-இல் மே 24-லேயே திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2025-இல் மீண்டும் ஜூன் 12. இப்போது எண்ணிப் பாருங்கள். 2024 ஜூன் 12 காலையில் ஒருவன் மடிக்கணினியைத் திறந்திருந்தால், சென்ற ஆண்டு அதே நாளில் எடுத்த படம் திரையில் இருந்திருக்கும்: திறப்பை நம்பி உழுது, நாற்றுவிட்ட வயல். தலையைத் தூக்கிச் சன்னல் வழியே பார்த்தால் புழுதி. செய்தித்தாளின் புள்ளிவிவரம் தராத ஒன்றை அந்த இரண்டு காட்சியும் சேர்ந்து தந்திருக்கும்.

மேட்டூர் திறந்த நாள் ஏட்டில் இருக்கிறது. கல்லணை திறந்த நாளும் இருக்கிறது. ஆனால் கல்லணைக் கால்வாயின் கடைமடையில், பேராவூரணிப் பக்கத்து ஒரு சிறு வாய்க்காலில் தண்ணீர் நுழைந்த நாள் எங்கே இருக்கிறது? ஆண்டுதோறும் எழும் வழக்கு இதுவே. வந்துவிட்டது என்பார் ஒருவர். வரவில்லை என்பார் இன்னொருவர். டீக்கடை பெஞ்சில் தொடங்கும் வாதம் சாலை மறியல் வரை போகும். தேதியிட்ட ஒரு படம் அங்கே சாட்சி சொல்லும். எங்கள் வகுப்பிலேயே வெண்ணாற்றுக் கரைக்காரர், குடமுருட்டிக் கரைக்காரர், ஒரத்தநாட்டுக்காரர், பட்டுக்கோட்டைக்காரர் என்று நாலாபக்கத்தாரும் இருக்கிறோம். காலைப் பேருந்துக்கு நடந்து வரும் வழியில் ஆளுக்கொரு மதகைப் படம் எடுத்தால் போதும். கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் கரையேறியபோது அந்த வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. முந்திய நாள் அத்தோப்பு எப்படி இருந்தது என்று காட்ட எத்தனை பேரிடம் படம் இருந்தது? திருமணப் படத்தின் பின்னணியில் தற்செயலாக விழுந்த மரங்களைத் தவிர வேறில்லை.

கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டை போட்டு நிற்கும். ஆகவே கிடையாகப் பிடியுங்கள். படத்தினுள்ளேயே எடுத்த தேதி பதிந்திருக்கும். அந்தத் தேதியைப் படித்துக் கோப்புக்குப் பெயரிடும் வேலையையும் நிரலே செய்துவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு அழிந்துவிடுகிறது. கோப்பாக அனுப்ப வேண்டும். சுருக்கிய படம் ஒன்று அரை மெகாபைட் என்றால் ஆண்டுக்கு இருநூறு மெகாபைட்டுக்கும் குறைவு. ஒரு திரைப்படத்துக்கு ஆகும் இடத்தில் பல ஆண்டுக் காவிரியை வைத்துவிடலாம்.

"அனைத்தையும் இயந்திரமே செய்தால் மனிதன் சோம்பிப் போகானோ? கோலத்தைக் கையால் போடுவதுதானே சிறப்பு?" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. நான் இயந்திரத்திடம் கொடுப்பது மாட்டும் வேலையை மட்டுமே. வரப்பில் நின்று பார்ப்பதும் இன்றைக்கு எது படத்துக்குரியது என்று தேர்வதும் என்னிடமே இருக்கின்றன. நாள்தோறும் கையால் மாட்டுவேன் என்று சூளுரைத்தவர்கள் ஐந்தாம் நாள் மறந்துவிடுகிறார்கள். எங்கள் அறையிலேயே மூவர் அப்படி.

வரலாற்று மாணவன் என்ற முறையில் பெரிய கோயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கருவறையைச் சூழ்ந்த சுற்றுச் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியம் இருந்தது. அதன் அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர்த் தொல்லியல் துறையினர் மேலடுக்கைப் பதமாகப் பிரித்தெடுத்து இரண்டையும் காத்தனர். சுவருக்குப் படம் மாறிற்று. பழைய படம் அழியவில்லை. நம் கோப்புறையும் அவ்வாறே ஆண்டுக்கு ஓர் அடுக்காக இருக்கலாம். 2025-இன் 0612-ஐ 2026-இன் 0612 அழித்துவிடாதபடி ஆண்டுக்கொரு கோப்புறை வைக்க வேண்டும் என்பதை நிரல் எழுதுவோர் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்துத் திரைகளில் இதைத் தொடங்க முதல்வர் அவர்களும் துறைத் தலைவர்களும் இசைவளிக்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை. நிரலைக் கணிப்பொறித் துறை நண்பர்கள் ஒரு மதிய இடைவேளையில் எழுதிவிடுவார்கள். படத்துக்குக் கீழே ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதித் தர எங்கள் துறையிலும் தமிழ்த் துறையிலும் ஆள் உண்டு. படுகையின் பொதுவான காட்சியாக இல்லாமல் ஊரும் வாய்க்காலும் பெயரோடு இருப்பதே நல்லது. அறுவடை நாளில் கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் நனைந்து கிடக்கும் நெற்குவியலும் அதில் இடம்பெற வேண்டும். பச்சை வயலை மட்டுமே மாட்டினால் நாமும் சொனோமாக் குன்றுக்கே திரும்பிவிடுவோம்.

என் கோப்புறையில் இதுவரை ஆடிப்பெருக்கு முதல் தை வரை ஓரளவு நிரம்பியிருக்கிறது. மாசியும் பங்குனியும் வெறுமை. அணை மூடும் மரபு நாளான ஜனவரி 28-க்குப் பிறகு ஆற்றுப் பக்கம் போகத் தோன்றுவதில்லை. தாளடி அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் நிற்கும் காலம் அது. மெலட்டூர்ப் பக்கம் இருப்போர் எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்வேன். 0229 என்ற பெயருக்கு மட்டும் 2028 வரை அவசரமில்லை.