பதிவேட்டில் இல்லாத குழந்தைகள்

மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் சேர்ந்தோரை எண்ணி, ‘இந்தியாவில் மிகுதியான பிறவிக் குறைபாடு இதுவே’ என முடிவு கூறும் ஆய்வேடுகள் பெருகிவருகின்றன. அவ்வெண்கள் பெரும்பாலும் அந்த மருத்துவமனையின் இயல்பையே காட்டுகின்றன. இதய அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்தில் இதயக் குறைபாடு முதலிடம் பெறுவதில் வியப்பென்ன? உதட்டுப்பிளவு பிறந்தவுடன் கண்ணில் படும். இதயத்தின் சிறு துளையோ மாதக்கணக்கில் மறைந்திருக்கும்.

என்னை உறுத்துவது நரம்புக்குழாய்க் குறைபாடு. மூளை வளராத கரு ஸ்கேனில் தெரிந்து கலைக்கப்படுகிறது. அன்றேல் இறந்து பிறக்கிறது, அல்லது பிறந்த சில மணி நேரத்தில் மடிகிறது. குழந்தைகள் பிரிவுப் பதிவேட்டை அது எட்டுவதே அரிது. ஆதலால் பட்டியலில் கீழே தள்ளப்படுகிறது. ஆனால் பெருமளவு தடுக்கத்தக்கது அதுதான். முன்பு இக்குறை நேர்ந்த தாய்மார் கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், மீண்டும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 72% குறைவதை பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1991இலேயே காட்டிவிட்டது. நரம்புக்குழாய் மூடுவது கருவுற்ற நான்காம் வாரத்தில். பல பெண்கள் கர்ப்பத்தை அப்போது அறிந்திருப்பதுகூட இல்லை. மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதா என்ற விவாதத்தில் இக்குறைவான எண்ணே சான்றாக வந்து நிற்கும்.

மகப்பேற்றுப் பிரிவின் இறந்த பிறப்புகளையும் கருக்கலைப்புகளையும் சேர்த்தெண்ணாத ஆய்வேட்டுக்குப் ‘பரவல்’ என்னும் தலைப்பை நெறியாளர்கள் ஏற்கலாகாது. ‘சேர்க்கை விகிதம்’ என்றே எழுதட்டும்.