வாடகைக் கணக்கில் நம் தூக்கத்தையும் சேருங்கள்!

சென்னையில் வாடகைக்கு வீடு தேடும்போது வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வருமா என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால், அந்த வீட்டில் சமைக்கிறவள் விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நாங்கள் மேடவாக்கம் பக்கம் குடியிருந்தோம். கணவருக்கு மயிலாப்பூரில் வேலை. மகளுக்கு சேப்பாக்கத்தில் கல்லூரி. இருவரும் வேளச்சேரி வந்துதான் பறக்கும் ரயில் ஏற வேண்டும். பஸ்சுக்கு நின்றால் ரயில் போய்விடும் என்று ஷேர் ஆட்டோவில் போவார்கள். போக வர ஆளுக்கு 40 ரூபாய். 25 நாளைக்கு இரண்டு பேருக்கும் 2,000 ரூபாய். நான் 4:30 மணிக்கே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தால்தான், இரண்டு டப்பா கட்டி அனுப்ப முடியும்.

இப்போது வேளச்சேரி ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில், கொஞ்சம் சின்ன வீட்டில் இருக்கிறோம். வாடகை 3,000 ரூபாய் கூடுதல். 'மாசம் 3,000 தெண்டம்தானே?' என்று சொந்தக்காரர்கள் கேட்கின்றனர். ஆட்டோ காசு மிச்சமாவதைக் கழித்தால், உண்மையில் கூடுவது 1,000 ரூபாய்தான். அதற்கு ஈடாக எனக்குத் தினமும் ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது. இருட்டுவதற்குள் மகள் வீடு வந்து சேருகிறாள். இது தெண்டமா?

அதற்காக, 'ஸ்டேஷன் பக்கத்தில்' என்று புரோக்கர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவர் சொல்லும் ஐந்து நிமிஷம், பைக்கில் போகும் ஐந்து நிமிஷமாக இருக்கும். இரவு 8:00 மணி வாக்கில் ஸ்டேஷனில் இறங்கி, அந்த வீடு வரைக்கும் நாமே நடந்து பார்க்க வேண்டும். தெரு விளக்கு எரிகிறதா, கடைகள் திறந்திருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். 2015லும், 2023லும் வேளச்சேரி வெள்ளத்தில் தவித்ததை மறக்க முடியுமா? எனவே, மழையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல், எதிர் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்.

ரயில் மட்டும்தான் என்றும் இல்லை. 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீட்டுக்கு, அந்த பஸ்கள் அடிக்கடி வரும் நிறுத்தமே போதும்.

அட்வான்ஸ் விஷயத்திலும் உஷார் தேவை. 2019ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக் கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்டால், கழுத்துச் செயினை அடகு வைக்க ஓடாமல், கையெழுத்துப் போடும் முன்பே பேசிக் குறையுங்கள்.

ஆண்கள் மட்டும் போய் வீட்டை முடித்துவிட்டு வருவதுதான் பல குடும்பங்களில் வழக்கம். இனி நாமும் கூடவே போவோம். ரூபாய்க் கணக்கை அவர்கள் போடட்டும்; நேரக் கணக்கை நாம் போடுவோம். என்ன தோழியரே, சரிதானே?

- ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை.