'கேஸ்தான், சரியாயிடும்'னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க

1/ குடல் ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது நாள். வயிறு உப்புது, வலி கூடுது, குமட்டுது. வீட்டில் உடனே தீர்ப்பு வந்துடும்: "கேஸ்தான், சோடா குடி." கோபமாவே சொல்றேன், இந்தப் பேச்சு உயிரைக் குடிக்கும்.

2/ குடலில் கெட்ட பகுதியை வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்போம். சிலருக்கு அந்தத் தையல் விட்டு, மலமும் கிருமியும் வயிற்றுக்குள் கசியும். திறமையான சர்ஜன் கையிலும் இது நடக்கும். அதுக்காக யாரையும் திட்ட மாட்டேன். கண்டுக்காம விட்டா திட்டுவேன்.

3/ பெரும்பாலும் முதல் வாரத்தில் தெரியும். சிலருக்கு டிஸ்சார்ஜ் ஆனபிறகு. அப்போ பக்கத்தில் இருப்பது நீங்கதான், நாங்க இல்லை.

4/ "காய்ச்சல் இல்லையே டாக்டர்?" பாராசிட்டமால் போட்டா காய்ச்சல் எப்படித் தெரியும்? வயசானவங்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கும் வராமலே இருக்கலாம். நாடியைப் பிடிச்சுப் பாருங்க. படுத்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 100-க்கு மேல் ஓடினா அலட்சியம் வேண்டாம். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்தா நாடியும் ஏமாத்தும்.

5/ இன்னும் இருக்கு: வயிறு கல் மாதிரி இறுகுவது, வாந்தி, காத்து பிரியாதது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, பேச்சில் குழப்பம், டிரெய்ன் குழாயில் மலம் போல வருவது. எல்லாம் சேர்ந்து வரணும்னு காத்திருக்காதீங்க. ஆபரேஷன் ஆனவர் நேத்தைவிட இன்னைக்குக் கொஞ்சமாவது தேறணும். மோசமானா, வேற காரணம் உறுதியாகும்வரை கசிவுன்னே நினைக்கணும்.

6/ இப்போ நம்ம டாக்டர்கள் பக்கம் வருவோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியல் நீளமா இருக்கும். எது வந்தா ஓடி வரணும்னு ஒரு வரி இருக்காது, தமிழில் இருக்கவே இருக்காது. கூட இருக்கும் அம்மா "நேத்து மாதிரி இல்லீங்க"ன்னா, "அப்படித்தான் இருக்கும், போங்கம்மா"ன்னு விரட்டுறோம். பல நேரம் அந்த அம்மா சொல்றதுதான் முதல் அறிகுறி. ரத்தத்தில் சிஆர்பி, தேவைப்பட்டா சிடி ஸ்கேன் பார்க்க என்ன தயக்கம்? சிடி நார்மல்னு வந்தும் ஆள் மோசமாகிட்டே போனா, அதோட விட்டுடலாமா?

7/ டிஸ்சார்ஜ் அன்னைக்கு மூணே கேள்வி: எது வந்தா வரணும்? ராத்திரி யாரைக் கூப்பிடணும்? எங்கே வரணும்? பதிலை எழுதி வாங்காம ஆட்டோ ஏறாதீங்க.

8/ சந்தேகம் வந்தா சாப்பிட, குடிக்க எதுவும் தராம ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க. முடியலைன்னா 108. கடைசியில் வெறும் கேஸா இருந்தா எல்லாரும் சிரிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம்.